சாமி வருவதற்கு முன்

கிழக்குக் காற்று வீசும் மாலை வேளைகளில், மூலக்கடையைத் தாண்டிக் கொடுங்கையூரின் உட்தெருக்களில் குடியிருக்கும் எங்கள் வீடுகளுக்குள், 300 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் மாநகராட்சிக் குப்பைமேட்டின் புகை சாளரத்தின் வழியே வந்து அமர்ந்துகொள்வது நெடுநாளைய வழக்கமாதலால், எரிதல் என்பதும் சாம்பல் என்பதும் இவ்வூராருக்கு வேதாந்த நூல்களில் வரும் உபமானங்களாக இராமல், துணி உலர்த்தும் கொடியிலும் சோற்றுப் பானையின் மூடியிலும் அன்றாடம் துடைக்க வேண்டிய பிரத்தியட்ச வஸ்துக்களாகவே இருந்து வருகின்றன. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னுடையதன்று. எங்கள் தெருவில் வசிக்கும் முதிய நாடக நடிகர் ஒருவர், நாற்பதாண்டுகளுக்கு மேல் அரிச்சந்திரன் வேஷம் கட்டியவர், தம் குரல் முற்றிலும் அற்றுப்போவதற்கு முன் அந்தச் சில காட்சிகளையாவது பதிவு செய்து வைத்தால் நலமென்று கேட்டார்; சிறு படங்களுக்கு உரையாடல் எழுதியும் ஒன்றிரண்டை இயக்கியும் பழகியிருந்த நான், அவர் கேட்டது எத்தகைய காரியம் என்பதை யோசியாமலேயே ஒப்புக்கொண்டேன்.

மயான காண்டத்தின் கதையைத் தமிழ் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அதில் ஓரிடத்தில் நான் சற்று நின்றாக வேண்டும். நாட்டை இழந்து, மனைவியையும் மகனையும் விற்றபின் தன்னையும் வீரவாகுவிடம் விற்றுக்கொண்டு சுடலை காக்கும் அரிச்சந்திரனிடம், அரவந்தீண்டி இறந்த லோகிதாசனைச் சுமந்துகொண்டு இருளில் வருகிறாள் சந்திரமதி. வந்தவள் எவள் என்று அவனுக்குத் தெரியாது. சுடலைக் கூலியாகிய முழத்துண்டையும் காற்பணத்தையும் வாய்க்கரிசியையும் கேட்கிறான். தன்னிடம் எதுவும் இல்லையென்று அவள் கதறும்போது, வாய்க்கரிசி தன் பங்காதலால் அதை விட்டுக்கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றும், முழத்துண்டும் காற்பணமும் ஆண்டையின் பங்காதலால் அவற்றை விட்டுக்கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் அவன் சொல்கிறானே, அந்த ஒரு மறுமொழியில்தான் இந்நாடகத்தின் உயிர் இருக்கிறது என்பது என் துணிபு. தன் உடைமையில் எல்லையற்ற தயாளன். பிறர் உடைமையில் அணுவளவும் நெகிழாதவன். கருணையும் நேர்மையும் ஒரே மனிதனின் நெஞ்சில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதை இதைக்காட்டிலும் சுருங்கிய மொழியில் எந்த நாடகமும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. கணவன் கண்ணுக்கன்றி வேறெவர் கண்ணுக்கும் புலப்படாத தாலியை அவன் கண்டு அவளை அறிவதும், பின்னர் காசி மன்னனின் மகவைக் கொன்றவள் என்ற பொய்ப் பழியின்பேரில் அவளையே வெட்டும்படி அவனுக்கு ஆணை வருவதும், அவன் வாளை ஓங்குவதும், வாள் மாலையாக விழ, இறைவன் விசுவாமித்திரரோடும் தேவர்களோடும் தோன்றி, மாண்ட மகனை எழுப்பித் தருவதும் பின்னே நிகழ்வன.

படத்தை வாள் ஓங்கிய கணத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று நான் முதலிலேயே தீர்மானித்திருந்தேன். இறைவன் தோன்றும் காட்சியை எடுப்பதற்குரிய பணமும் சாதனமும் எங்களிடம் இல்லையென்பது வெளிக்காரணம். உள்ளே வேறொரு காரணம் இருந்தது. இறுதியில் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும் என்றால் இடையில் பட்டது துக்கமாகுமா? ஆட்டத்தில் தோற்றதுபோல் நடித்துப் பின் வென்றவனுடைய தோல்வியை ஒருவரும் தோல்வி என்று சொல்வதில்லை. அவ்வாறே, மகன் எழுந்துவிடப் போகிறான் என்பது நாடகாசிரியனுக்கும் நடிகனுக்கும் சபையோர்க்கும் தெரிந்திருக்கையில், சந்திரமதியின் கதறல் ஒரு கணக்கில் எழுதப்பட்டுப் பின் அழிக்கப்படும் தொகைபோல் ஆகிவிடவில்லையா? கிருபை துக்கத்தைத் தீர்க்கிறதா, அல்லது துக்கம் நிகழவே இல்லை என்று ஆக்கிவிடுகிறதா? தீர்ப்பதும் இல்லாததாக்குவதும் ஒன்றல்ல. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கடைசிக் காட்சியை எடுப்பது அசத்தியம் என்றும், சத்தியத்துக்காகவே வாழ்ந்தவன் கதையில் அசத்தியமான ஒரு காட்சியை நான் சேர்க்கலாகாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பகுதியில் கவியரசு கண்ணதாசன் நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. பேருந்துகளின் நெற்றியில் அப்பெயரைத் தினமும் காண்கிறோம். அந்தக் கவிஞரே கதையிலும் தயாரிப்பிலும் பங்கு கொண்டு 1963-ஆம் ஆண்டு வெளிவந்த ‘இரத்தத் திலகம்’ என்னும் படத்தில், தாதா மிராசியின் இயக்கத்தில், கல்லூரி மேடை நாடகமாக ஒதெல்லோவின் காட்சியொன்று வருகிறது. சிவாஜி கணேசன் ஒதெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் தோன்றுகிறார்கள். மேனாட்டுச் சோக நாடகத்தின் காட்சிகளைத் தமிழ்ப் படத்துக்குள் நாடகமாகவே வைத்து எடுக்கும் வழக்கம் நம்மிடையே சில காலம் சிறப்புற்றிருந்தது. 1970-இல் ‘சொர்க்கம்’ படத்தில் ஜூலியஸ் சீசரும், 1973-இல் ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் ஹாம்லெட்டும் அதே நடிகரின் உருவில் வந்து போனார்கள். அவரே 1968-இல் ‘ஹரிச்சந்திரா’வாகவும் நடித்தார் என்பதை நினைக்கும்போது, ஒரே கை ஒருமுறை குற்றமற்ற மனைவியின் மூச்சை அடைக்கவும் மற்றொரு முறை குற்றமற்ற மனைவியின் கழுத்துக்கு மேல் வாளை ஓங்கவும் பழகியது என்பது என் சிந்தனையைப் பெரிதும் கவர்ந்தது. ஒதெல்லோ அறியாமல் கொல்கிறான், கொன்றபின் அறிகிறான், அவனைத் தடுக்க எவரும் வருவதில்லை. அரிச்சந்திரனோ தன் எதிரே மண்டியிட்டிருப்பவள் யாரென்று நன்கறிந்தே ஓங்குகிறான். முன்னவனுக்கு அறிவு ஒரு நாழிகை தாமதித்து வந்தது. பின்னவனுக்கு அறிவு முழுவதும் வந்துவிட்டது, முடிவைப் பற்றிய அறிவு ஒன்றைத் தவிர.

நம் நாட்டில் சோக நாடகமே இல்லை என்று சொல்வோர் பலர். அதற்கு ஆதாரமாக, நாயகனின் மரணத்தை அரங்கில் காட்டலாகாது என்ற நாட்டிய சாத்திர மரபையும், வடமொழி நாடகங்கள் மங்கலத்தில் முடியும் வழக்கத்தையும் எடுத்துக்காட்டுவர். துரியோதனன் தொடை முறிந்து அரங்கிலேயே உயிர் விடும் ‘ஊருபங்கம்’ பாஸனுடையதாகக் கிடைத்தபின் அந்த வாதம் சற்றே தளர்ந்தது. கோவலன் கொலையுண்ட கதையை மேடையிலும் திரையிலும் தலைமுறை தலைமுறையாகக் கண்டழுத தமிழர்க்கு அந்த வாதம் எக்காலத்திலும் பொருந்தியதில்லை. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்ய’னாக்கியபோது, நம்மவர் அதைப் புரியாத பொருளாகக் கருதி ஒதுக்கிவிடவில்லை. ஆகவே துக்க முடிவு நமக்கு அந்நியம் என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் மங்கல முடிவுள்ள கதை துக்க நாடகமாகுமா என்பதே நான் கேட்பது; இது வேறு கேள்வி, இதற்கு விடை காண்பது முன்னதைவிடக் கடினம்.

அரிச்சந்திரன் கதையின் மூலத்தைத் தேடிச் சென்றால் நாம் எதிர்பாராத ஒன்று அங்கே காத்திருக்கிறது. ஐதரேய பிராமணத்தில் வரும் அரிச்சந்திரன் பிள்ளையில்லாதவன். வருணனை வேண்டி ஒரு மகனைப் பெறுகிறான். பிறக்கும் மகனை அவ்வருணனுக்கே வேள்வியில் தருவதாக வாக்களித்தே பெறுகிறான். பிள்ளை பிறந்ததும் வருணன் கேட்கிறான். பத்து நாள் கழியட்டும் என்கிறான் அரசன். பிறகு பல் முளைக்கட்டும் என்கிறான். பல் விழட்டும் என்கிறான். மீண்டும் முளைக்கட்டும் என்கிறான். படைக்கலம் தரிக்கும் வயது வரட்டும் என்கிறான். இறுதியில் மகன் ரோகிதன் காட்டுக்கு ஓடிவிடுகிறான்; அவனுக்கு ஈடாகச் சுனச்சேபன் என்ற ஏழை அந்தணச் சிறுவன் விலைக்கு வாங்கப்படுகிறான். வாக்குத் தவறாமைக்கே உலகம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பெயருக்குரியவன், ஆதியில், பிள்ளைப் பாசத்தால் வாக்கை நாள்தோறும் ஒத்திப்போட்ட ஒரு தகப்பன்! பின்னர் மார்க்கண்டேய புராணத்திலும், க்ஷேமீசுவரரின் ‘சண்டகௌசிக’ நாடகத்திலும், தமிழில் அரிச்சந்திர புராணத்திலும், அதனின்றும் கிளைத்த கூத்துகளிலும் நாடகங்களிலும் அவன் சத்திய சந்தனாக வளர்ந்தான். இவ்விரு வடிவங்களுக்கும் இடையில் என்ன நிகழ்ந்தது என்று ஆராய்ச்சியாளர் சொல்லட்டும். எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. பல் முளைக்கட்டும், பல் விழட்டும் என்று நாள் தள்ளிய அந்தத் தகப்பன் சத்திய அரிச்சந்திரனுக்குள் சாகாமலே இருக்கிறான். ஓங்கிய வாள் கீழிறங்குமுன் மேடையில் நடிகர் பாடும் நெடிய பாட்டு இருக்கிறதே, அந்தப் பாட்டில் வந்து நாளைத் தள்ளுகிறவன் அவனே.

அந்தப் பாட்டுத்தான் என்னைச் சைவ சித்தாந்தத்தின் பக்கம் திருப்பியது. இறைவனின் தொழில் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்றோடு முடிந்துவிடவில்லை. மறைத்தல், அருளல் என்னும் இரண்டையும் சேர்த்து ஐந்து என்பது சித்தாந்தம். மறைத்தலாவது, ஆன்மாவுக்கு உண்மையை உடனே காட்டிவிடாமல், வினையின் பயனை அது நுகர்ந்து பக்குவப்படும் வரையில் திரையிட்டு வைத்தல். திரோபவம் என்று வடமொழியில் வழங்கும் இது கொடுமைபோல் தோன்றினும் அருளின் வேற்றுருவே என்று ஆசாரியர்கள் வலியுறுத்துவர். ‘உண்மை விளக்கம்’ என்னும் சித்தாந்த நூல் நடராச மூர்த்தத்தின் பொருளைக் கூறுமிடத்து, தூக்கிய திருவடியில் அருளையும் ஊன்றிய திருவடியில் மறைத்தலையும் வைத்தது. எத்தனையோ ஆலயங்களில் எத்தனையோ முறை அம்மூர்த்தியைக் கண்டிருந்தும், அவ்வுருவத்தின் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்பது மறைக்கும் பாதமே என்பது, இப்படத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் என் புத்தியில் உறைத்தது. அப்படியானால் சுடலைக் காட்சியில் துக்கம் துக்கமாக இருப்பதற்குக் காரணம் முடிவு எத்தகையது என்பதன்று. முடிவு மறைக்கப்பட்டிருக்கிறது என்பதே. அரிச்சந்திரனுக்குத் தேவர்கள் வருவார்கள் என்பது தெரியாது. தெரிந்து ஓங்கியிருந்தால் அவன் கூத்தாடி. தெரியாமல் ஓங்கியதனாலேயே சத்தியவான். பின்னர் வந்த அருள் அந்தத் தெரியாமையை அழித்துவிட முடியாது. அந்த இரவை அவன் வாழ்ந்துவிட்டான். மகன் எழுந்த பிறகும், மகன் இறந்த இரவு ஒன்று அவன் வாழ்வில் இருந்தே தீரும். துக்கம் தீர்க்கப்படுகிறது, இல்லாததாக்கப்படவில்லை என்று சொல்வதற்கு எனக்குக் கிடைத்த வழி இதுதான்.

இந்த விளக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது உண்மை. ஆனால் படப்பிடிப்புக்கு ஒரு சித்தாந்தம் மட்டும் போதாது. மேடையில் பதினைந்து முழத்துக்கு அப்பால் கிடக்கும் பிள்ளையின் மார்பு மூச்சில் ஏறி இறங்குவது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தாலும் சபையோர் பொருட்படுத்துவதில்லை, ஏனெனில் நாடகம் பார்ப்பது என்பதே காணாததைக் காண்பதும் கண்டதைக் காணாதிருப்பதும் கலந்த ஒரு விரதம். கேமரா அந்த விரதத்தை ஏற்காத சாட்சி. லோகிதாசனாகப் படுத்திருந்த சிறுவன், அம்முதிய நடிகரின் பேரன், மூச்சை அடக்க அடக்க அவன் இமைகள் துடித்தன. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டால் போர்வை அசைந்தது. இறுதியில் பிள்ளையின் முகத்தை விட்டுப் பாதங்களை மட்டும் சட்டத்துக்குள் வைத்தோம். செருப்பில்லாமல் எங்கள் தெருவில் ஓடித் திரிந்த பாதங்கள். கணுக்காலில் ஆறிய காயத்தின் வடு ஒன்று இருந்தது. தாய் அந்தப் பாதத்தைக் கையில் ஏந்தியபோது, முகத்தைக் காட்டியிருந்தால் வராத ஏதோவொன்று அந்தக் காட்சிக்கு வந்தது. மறைத்தல் என்பதன் பொருளைத் தொழிலின் வழியே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

சுடலையில் மகனைக் கிடத்தி மயான காண்டம் எடுத்தவர்களுள் முன்னோடியானவர், இந்தியத் திரைப்படத்துக்கே முன்னோடியான தாதாசாகேப் பால்கே. 1913-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பம்பாய் கொரொனேஷன் அரங்கில் திரையிடப்பட்ட ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் அரசனின் மகனாக நடித்தவன் பால்கேயின் சொந்த மகனாகிய பாலசந்திரன். படப்பிடிப்பின் இடையே அச்சிறுவன் விளையாடும்போது கல்லின்மீது விழுந்து தலையில் அடிபட்டு நினைவிழந்தான் என்றும், உடனே பம்பாய்க்குக் கொண்டுசெல்லும்படி மற்றவர்கள் சொல்ல, அடுத்து எடுக்க வேண்டிய காட்சி இறந்த பிள்ளை சிதையில் கிடக்கும் காட்சியே ஆகையால், பால்கே அந்நிலையிலேயே அதை எடுத்து முடித்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். பிள்ளை பின்னர் பிழைத்தெழுந்தான். இச்செய்தியை முதன்முதல் படித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மறுமுறை படித்தபோது கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்து வந்தது. கேமராவின் பின்னே நின்ற அத்தகப்பனுக்கும் முடிவு மறைக்கப்பட்டிருந்தது. மகன் எழுவான் என்று உறுதியாகத் தெரிந்து அவர் அக்காட்சியை எடுக்கவில்லை. அவர் செய்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஒரு காட்சிக்காக எந்தக் குழந்தையையும் அவ்வாறு கிடத்தி வைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அரிச்சந்திரன் செய்தது மட்டும் சரியென்று எதைக்கொண்டு சொல்கிறோம்? மனைவியின் கழுத்தின்மேல் வாள் ஓங்குவதைச் சத்தியம் என்று வணங்கும் நாம், மயங்கிய மகன்மேல் கேமராவைத் திருப்புவதைப் பிழை என்று எந்த அளவுகோலால் அளக்கிறோம்? ஆண்டையின் பங்கை விட்டுக்கொடுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை என்பது அந்த அளவுகோலாக இருக்கலாம். கலைக்கு அப்படியொரு ஆண்டை இருக்கிறானா என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு.

அந்தச் சந்தேகம் இரண்டாம் நாள் இரவில் நேரே என் முன் வந்து நின்றது. வாள் ஓங்கும் காட்சியை ஒருமுறை எடுத்து முடித்தோம். நடிகரின் குரல் உடைந்து, உடைந்த இடத்திலேயே பாட்டு நின்று, சந்திரமதியாக நடித்த அம்மையாரின் முதுகு குலுங்கி, எல்லாம் நான் எதிர்பார்த்ததைக்காட்டிலும் மேலாக அமைந்தது. ஆனால் பாட்டின் நடுவே குப்பை லாரியொன்று தெருமுனையில் ஒலி எழுப்பிச் சென்றதால், மறுபடியும் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். பெரியவர் வாளைத் தரையில் வைத்துவிட்டு அமர்ந்தார். “ஒரு தரம்தான் ஓங்குவேன், தம்பி. ரெண்டாம் தரம் ஓங்கணும்னா கற்பூரம் ஏத்தணும்” என்றார். மேடையில் ஓர் இரவுக்கு ஒரே முறை ஓங்கியவர் அவர். நாற்பதாண்டுகளில் ஒரே இரவில் இருமுறை ஓங்கியதில்லை. இவ்வேஷம் கட்டும் நாளில் விரதம் இருப்பவர். அவருக்கு அது அபிநயம் மட்டுமன்று என்பதை நான் மறந்திருந்தேன். ஒருவனிடமிருந்து எல்லாவற்றையும் பறித்து, பின்னும் போதாதென்று மேலும் ஒரு சோதனையை வைத்து, அவன் முகத்தை இமையாமல் பார்த்துக்கொண்டிருப்பது விசுவாமித்திரரின் வேலை; “இன்னொரு டேக்” என்று நான் சொன்னபோது அந்த இடத்தில் நான் நின்றிருந்தேன். கற்பூரம் ஏற்றினோம். அவர் வாளைக் கும்பிட்டு மறுபடியும் ஓங்கினார். அந்த இரண்டாம் முறை எடுத்ததைத்தான் படத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் மூன்றாம் முறை கேட்கவில்லை.

நம் நாட்டுப்புறங்களில் இந்தக் கதைகள் கலையரங்குகளில் மட்டும் வாழ்வதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். வடதமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இறந்தவர்க்குரிய கருமாதி நாளில் இரவு முழுவதும் ‘கர்ண மோட்சம்’ கூத்து நடத்துவது வழக்கம். பல மயானங்களின் வாயிலில் அரிச்சந்திரனுக்கு ஒரு கல்லோ சிறு கோயிலோ இருக்கும். பாடையை அங்கே இறக்கிவைத்து, சுடலையின் முதற்காவலனாகிய அவனிடம் அனுமதி பெற்ற பின்னரே உள்ளே கொண்டுசெல்வர். இளம்பருவத்தில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்ட காந்தியடிகள், அதைத் தம் மனத்துக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததையும், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போலிருக்கக் கூடாது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதையும் தம் சுயசரிதையில் சொல்கிறார். அவர் அதிலிருந்து பெற்றுக்கொண்டது சத்தியம். பிள்ளையை இழந்து கருமாதிப் பந்தலில் அமர்ந்திருக்கும் ஒரு தாய் அதே கதையிலிருந்து பெற்றுக்கொள்வது எது என்று நான் யோசித்ததே இல்லை, யோசிக்கும்படி நேர்ந்தது.

படத்தைத் தொகுத்து முடித்ததும், நடிகரின் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியொன்றைக் கட்டி, தெருவாருக்குப் போட்டுக் காட்டினோம். வாள் மேலே நின்றது, திரை இருண்டது. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தை என் வெற்றியென்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் பாயில் அமர்ந்திருந்த ஒரு முதிய பெண்மணி, தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவர், எழுந்து என்னருகே வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் வேலைக்குப் போன இடத்தில் அவருடைய ஒரே மகன் இறந்துபோனான் என்பது தெருவார் எல்லோருக்கும் தெரியும். “சாமி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டியே, தம்பி” என்றார். காரணத்தை நான் சொல்லத் தொடங்கினேன். துக்கத்தின் உண்மையைக் காப்பாற்ற வேண்டும் என்றும், உலகத்தில் பிள்ளைகள் எழுந்து வருவதில்லை என்றும் ஏதோ சொன்னேன். அவர் பொறுமையோடு கேட்டார். பிறகு, “என் புள்ள எழுந்துக்கல. அந்தப் புள்ளயாவது எழுந்துக்கட்டும்பா” என்று சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனார்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. கடைசிக் காட்சியை நம்புகிறவர்கள் துக்கம் அறியாதவர்கள் என்றும், அதை நீக்குகிறவனே துக்கத்தை உண்மையாக மதிப்பவன் என்றும் நான் கொண்டிருந்த அபிப்பிராயம் எவ்வளவு வெறுமையானது என்பது அப்போது தெரிந்தது. என்னைக்காட்டிலும் துக்கம் அறிந்தவர் அவர். பிள்ளைகள் எழுந்து வருவதில்லை என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அவர் கேட்டது ஏமாற்றும் ஆறுதலை அன்று; தமக்காகவும் அவர் எதையும் கேட்கவில்லை. தமக்குக் கிடைக்காத ஒன்று, இல்லாத ஒரு தாய்க்கு, கதையில் வரும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டார். இதனை எந்த ரச சாத்திரத்தில் வைப்பது? சோகம் பொதுமையாகி ரசமாகிறது என்றார் அபிநவகுப்தர். இரக்கமும் அச்சமும் கிளர்ந்து தூய்மையுறுகின்றன என்றார் அரிஸ்டாட்டில். உணர்ச்சிகளை வற்றவிடாமல் நீர் ஊற்றி வளர்க்கிறது என்று கடிந்தார் பிளேட்டோ. மூவரும் பார்ப்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதையே கேட்டார்கள். பார்க்கப்படுகிறவனுக்காகப் பார்க்கிறவன் வேண்டிக்கொள்வதை இம்மூவரில் ஒருவரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. மறைத்தலும் அருளே என்ற சித்தாந்தத்தை இன்றும் நான் ஏற்கிறேன். ஆனால் அதை அந்த அம்மையாரிடம் சொல்லும் உரிமை எனக்கில்லை. தூக்கிய திருவடியை மூர்த்தத்தினின்றும் வெட்டி எடுத்துவிட்டு, ஊன்றிய திருவடி மட்டுமே உண்மை என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். அருள் வருகிறது என்று காட்டுவது உலக நடப்பைப் பற்றிய ஒரு செய்தியாக இருக்க வேண்டியதில்லை. பிறர்பொருட்டுச் செய்யும் ஒரு பிரார்த்தனையாக இருக்கலாம்.

அடுத்த ஞாயிறன்று அதே இடத்தில் விறகுகளை மறுபடியும் அடுக்கினோம். சிவபெருமானாகத் தோன்ற எவரும் இல்லை. ஒரு பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றி, அதன் ஒளி மட்டும் பிள்ளையின் மேல் விழும்படி பிடிப்பதென்று முடிவு செய்தோம். ஒளியைச் சரிசெய்யவும், காற்று மாறிப் புகை விலகவும் வெகுநேரமாயிற்று. எல்லாம் ஆயத்தமானபோது பார்த்தால், போர்வைக்குள் படுத்திருந்த சிறுவன் உறங்கிப்போயிருந்தான். இமை துடிக்கவில்லை, முகத்தில் ஒரு அசைவுமில்லை. முன்பு எத்தனை முயன்றும் கிட்டாத தோற்றம் அது. ஒருவர் அவனைத் தொட்டு எழுப்பப் போனார். அரிச்சந்திரன் வேஷத்தோடு சாம்பல் பூசி நின்ற பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். “எழுப்பாதீங்க. அவனா எழுந்துக்கட்டும்” என்றார். கேமராவை ஓடவிட்டுக் காத்திருந்தோம். கற்பூரம் அணையுமுன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தெருவார் மதிலோரம் நின்றார்கள். இட்லிக் கடை அம்மையாரும் நின்றார். எவ்வளவு நேரம் சென்றதென்று நான் பார்க்கவில்லை. சிறுவன் புரண்டான், கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான், கன்னத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது, சுற்றிலும் நின்றவர்களையெல்லாம் பார்த்து, “தண்ணி” என்றான். நாங்கள் அசையவில்லை. அந்த அம்மையார் மட்டும் எங்கிருந்தோ ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைவின்றி, நேரே நடந்து வந்து அவனிடம் நீட்டினார். வளையலில்லாத அந்தக் கை படத்தின் இடப்புறத்தில் தெரிகிறது. அதை நான் நீக்கவில்லை.